சிவப்பு அம்பும் நிலவு நாளும்

2023 செப்டெம்பர் 4, திங்கட்கிழமை காலை. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு மேல்மாடி அறை. மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் அலுவலகம் அது. சுவரில் பெரிய டிவி. அதில் நான் செய்து கொடுத்த டாஷ்போர்ட், அதாவது வியாபாரத்தின் எண்களையும் வரைபுகளையும் ஒரே பார்வையில் காட்டும் திரை. கிண்ணியா என்ற பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒன்று கீழ்நோக்கி நின்றது. முதலாளி அந்த அம்பைக் காட்டி, கிண்ணியாவில் மீன் எடுத்துத் தரும் நானாவிடம், "இதுக்கு என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். நானா டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நிலவு தானே முதலாளி" என்றார். அறையில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான். சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

இவ்வளவு காலம் கழிந்தும் "நிலவு தானே" என்ற அந்த இரண்டு சொல் என்னை விட்டுப் போகவில்லை. டாஷ்போர்ட் செய்வது எப்படி என்று இளையவர்கள் கேட்கும்போது, எந்த நிறம் போடலாம், எந்த வரைபு நல்லது என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு உடனே ஞாபகம் வருவது அந்த அறையும், பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்ட அந்த மனிதரும்தான். இதை எழுதி வைக்காமல் அடுத்த வேலையைத் தொடங்க மனம் வரவில்லை.

முதலில் செய்து கொடுத்தது

கொரோனாவுக்குப் பிறகு கொழும்பு வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றானதும் உப்புவெளிக்குத் திரும்பி வந்துவிட்டேன். பகலில் நிறுவன வேலை. மாலையில், ஊரில் யாராவது கேட்டால் கணக்கு அறிக்கைகள் செய்து கொடுப்பேன். அப்படித்தான் 2023 தொடக்கத்தில் இந்த முதலாளி கூப்பிட்டார். அவருக்கு ஐந்து இடங்களிலிருந்து மீன் வருகிறது: கொட்பே, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி. ஒவ்வோர் இடத்திலும் அவருடைய ஆள் ஒருவர் படகுக்காரர்களுக்கு முற்பணம் கொடுத்து வைத்திருப்பார். மீன் கரைக்கு வந்ததும் நிறுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மாலை லொறியில் ஏற்றிவிடுவார். லொறி இரவோடு இரவாகப் பேலியகொடைச் சந்தைக்குப் போய்ச் சேரும். எந்த இடத்தில் எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரிய அடுத்த நாள் பகலாகிவிடும். "எல்லாம் ஒரே இடத்தில தெரிய வேணும் தம்பி" என்றார்.

பவர் பிஐ என்ற மென்பொருளில் செய்தேன். மேலே ஐந்து பெரிய எண்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அம்பு. போன வாரத்தைவிடக் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. மீன் வகைகளுக்கு 11 துண்டுகள் கொண்ட ஒரு வட்ட வரைபு. மாத இலக்குக்குக் காரின் வேகமானியைப் போல ஒன்று. கீழே, ஐந்து இடங்களையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திய அட்டவணை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதை டிவியில் போட்டுக் கூட்டம் நடத்துவார்கள். கூட்டம் முடிந்ததும் யாராவது திரையைப் படம் பிடித்து நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

அதில் சில பிழைகள் சீக்கிரமே தெரிந்தன. வட்ட வரைபில் சூரை கூடவா பாரை கூடவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எண்ணைப் பக்கத்தில் எழுதினால்தான் தெரிந்தது. இது பழைய சங்கதி. 1984இல் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் செய்த சோதனைகளில், ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது என்று கண்டார்கள். அவர்கள் போட்ட வரிசையில் நீளமும் கோணமும் அதற்குக் கீழே. பரப்பளவு இன்னும் கீழே. சாதாரண தரக் கணித வகுப்பில் நாங்கள் எல்லோரும் கீறிய சலாகை வரைபு, வட்ட வரைபை எளிதில் வெல்வது இதனால்தான். அதைச் சலாகையாக மாற்றி, பெரியது முதல் சிறியது வரை அடுக்கி, அடி பூச்சியத்தில் தொடங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அரை மணி நேர வேலை. இப்படிப்பட்ட பிழைகள் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். நான் எழுத வந்தது கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பற்றி.

அந்தத் திங்கட்கிழமை

கிண்ணியா சிவப்பாக வந்தது அது முதல் தடவை இல்லை. அந்த ஆனி ஆடியிலிருந்தே அவ்வப்போது அது பட்டியலில் கடைசிக்குப் போகும், பிறகு ஏறும், மறுபடி இறங்கும். கொட்பேயின் எண்ணோ பெரிதாக ஆடாமல் நின்றது. ஒரே திரையில், ஒரே எழுத்தளவில், ஒரு பக்கம் நிதானமான கொட்பே, மறுபக்கம் விழுந்து விழுந்து எழும் கிண்ணியா. பார்ப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும்: மற்ற இடம் சரியாக ஓடும்போது இங்கே மட்டும் என்ன நடக்கிறது? "மீன் வேற லொறிக்குப் போகுது போல" என்று ஒருவர் சொன்னார். முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கிண்ணியாவுக்குக் கொடுக்கும் முற்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார்.

கடற்கரையில் முற்பணம் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்ணெய்க்கும் வலைக்கும் அதுதான். அது நின்றால், படகுக்காரன் அடுத்த நாள் யாருடைய தராசில் மீனைப் போடுவான் என்பதும் தெரிந்ததே.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் எண்களில் பிழை இல்லை. நிறுத்த கிலோ சரி, கூட்டல் சரி, வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடிவது சரி. எண் சரியாக இருந்தால் என் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்பில்தான் வாய் திறக்காமல் இருந்தேன். அந்த மௌனத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு கணக்கப்பிள்ளை ஐயா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அந்த முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அங்கே கணக்கு எழுதுபவர் அவர். கணினியில் பதிந்த பிறகும், பழக்கத்தை விடாமல் சீஆர் கொப்பி ஒன்றில் தனியாக எழுதி வருவார். நான் அந்தக் கொப்பியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதிலிருந்து கிலோக்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி, இங்க இரும்" என்று கொப்பியைத் திறந்தார். நீல மையில் கோடு போட்ட நிரல்கள். திகதி, கிழமை, அதற்கடுத்து ஓர் ஒடுங்கிய நிரல், பிறகு இடம், மீன், கிலோ. கடைசியில் காற்றைப் பற்றி ஒரு சொல்: கச்சான், அல்லது அமைதி, அல்லது வெறும் கோடு. அந்த ஒடுங்கிய நிரலில் "வ 12", "பூ", "தே 3" என்று எழுதியிருந்தது. வளர்பிறை, பூரணை, தேய்பிறை. இத்தனை மாதமாக அந்த நிரலை நான் கணினியில் ஏற்றவே இல்லை. அது எனக்கு ஒரு தரவாகவே தெரியவில்லை.

செப்டெம்பர் 2, கிண்ணியா, தே 3. அந்த வரியில் ஒரு விரலை வைத்தார். மற்றக் கையால் தாளைப் புரட்டினார். நான் முந்திய வாரத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் அதையெல்லாம் தாண்டிக்கொண்டு ஓகஸ்ட் 4இல் போய் நின்றார். அங்கேயும் தே 3. இரண்டு விரலுக்கும் கீழே இருந்த எண்களை வாய்விட்டு வாசித்தார். இந்த முறை வந்தது, போன முறை இதே பிறையில் வந்ததைவிடச் சற்றுக் கூட. "அவர் குறைக்கேல்லத் தம்பி. கூட்டித்தான் எடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு போயாவும் ஓர் அவசரமும்

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சிறுபடகுகள் இரவில் வலைக்குப் போய் விடியப் போல வருபவை. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்ளும் என்பார்கள். விளக்கு வைத்துக் கணவாய் பிடிப்பவர்களுக்கும் வானமே வெளிச்சமாக இருந்தால் வேலை இல்லை. பூரணையை ஒட்டிய நாட்களில் பாதிப் பேர் கரையில் இருந்து வலை பொத்துவதை நான் சிறு வயதிலிருந்தே பார்க்கிறேன். பார்த்தும் அதைக் கணக்கோடு சேர்த்து நினைக்கவில்லை. கொட்பேக்கு வருபவை பலநாள் படகுகள். வாரக்கணக்காக ஆழ்கடலில் கிடந்து ஒவ்வொன்றாக வந்து இறக்குகின்றன. எங்கள் வாரக் கணக்கில் அவற்றின் வரவு நிலவுக்கு ஏற்றபடி ஆடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாவது, ஐந்தாவது என்று இடம் போட்டவன் நான்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்ததும் ஒரு துள்ளல். 2023 ஓகஸ்ட்டில் இரண்டு போயா, அதாவது இரண்டு பூரணை விடுமுறை! 1ஆம் திகதி ஒன்று, 30ஆம் திகதி ஒன்று. ஜூலையில் 3ஆம் திகதி ஒன்றுதான். ஆக, ஓகஸ்ட்டில் மீன் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று முதலாளிக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அனுப்புமுன் எண்ணிப் பார்த்தேன். பூரணை இரவையும் அதன் முன்னும் பின்னும் ஐந்து ஐந்து இரவையும் நிலவுக் காலம் என்று வைத்தால், ஜூலையில் 13 இரவு, ஓகஸ்ட்டிலும் 13 இரவு. வித்தியாசமே இல்லை. முதலாம் திகதிப் பூரணையின் முன்பாதி ஜூலைக்குள் விழுகிறது, மாதக் கடைசிப் பூரணையின் பின்பாதி செப்டெம்பருக்குள் விழுகிறது. நிலவின் சுற்று 29 நாளும் அரையும் என்பதால், முழு மாதம் என்று பார்த்தால் அது பெரும்பாலும் தன்னைத்தானே சமன்படுத்திக்கொள்கிறது. அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். அனுப்பியிருந்தால், சிவப்பு அம்பு சொன்ன பொய்யை எடுத்துவிட்டு அதன் இடத்தில் என்னுடைய பொய்யொன்றை வைத்திருப்பேன்.

அப்புறம் வாரத்துக்கு வாரம் எண்ணினேன். ஓகஸ்ட் 14 முதல் 20 வரையான வாரத்தில் அமாவாசை, நிலவு இரவு ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரத்தில் 3. ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 3 வரை, அதாவது நானாவை நிற்க வைத்துக் கேட்ட அந்த வாரத்தில், ஏழு இரவும் நிலவு இரவு. 0, 3, 7. இதுதான் அம்பு கீழே பார்த்த கதை. முழுக்க முழுக்க என் ஒப்பீட்டில் இருந்த கோளாறு.

சிவப்பு மட்டும் பொய் சொன்னது என்றில்லை. அதே திரையில் இன்னொரு மூலையில் "போன வருடம் இதே வாரம்" என்று ஒரு பச்சை அம்பு எல்லோரையும் சந்தோஷப்படுத்திக்கொண்டு நின்றது. 2022 நடுப்பகுதியில் இந்தக் கரையில் எண்ணெய் இல்லாமல் படகுகள் வரிசையாகக் கிடந்தது யாருக்கு மறக்கும்? அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்கு ஏறியது. வெளி இயந்திரம் பூட்டிய படகுகள் ஓடுவது அந்த எண்ணெயில்தான். அப்படிப்பட்ட ஒரு வருடத்தோடு ஒப்பிட்டால் எது பச்சையாக வராது? அந்தப் பச்சையை யாரும் கேள்வி கேட்கவில்லை. நல்ல செய்தியைச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

யாருடைய நாட்காட்டி

பவர் பிஐயில் போன மாதம், போன வருடம் இதே காலம் என்று ஒப்பிட ஆயத்தச் சூத்திரங்கள் உண்டு. ஒரு வரி எழுதினால் போதும், வேலை முடிந்தது. நான் பாவித்த அந்தச் சூத்திரங்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரையான நாட்காட்டியை அடிப்படையாகக் கொண்டவை. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாட்காட்டி இந்தத் தொழிலுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டியது நான்தான்.

மற்றத் தொழில்காரர்கள் இதை முன்பே கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் 4-5-4 என்று ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். காலாண்டின் 13 வாரங்களை 4, 5, 4 என்று பிரித்து அவற்றையே மாதமாகக் கொள்கிறார்கள். வியாபாரம் சனி ஞாயிறில்தான் என்பதால், இந்த வருட மாதத்திலும் போன வருட மாதத்திலும் ஒரே அளவு சனி ஞாயிறு இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சீனாவில் வசந்தப் பண்டிகை ஒரு வருடம் ஜனவரியில் வரும், இன்னொரு வருடம் பெப்ரவரியில் வரும். அதனால் அவர்களுடைய புள்ளிவிபரப் பணியகம் தொழிற்றுறை உற்பத்திக்கு அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே எண் வெளியிடுகிறது. நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னுக்கு நகர்வது எங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆங்கிலத் திகதியை வைத்து வருடத்துக்கு வருடம் ஒப்பிடும் எந்தக் கடைக்காரரும் அதில் இடறுவார்.

திருகோணமலையில் இது இன்னும் பின்னிப் பிணைந்தது. ஜும்ஆ நாளில் கிண்ணியாவில் வரவு குறைவு. கிறிஸ்தவக் குடும்பங்கள் தொழில் செய்யும் கரைகளில் ஞாயிறு ஓய்வு. வெள்ளிக்கிழமை சைவ வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது, அதனால் நகரத்தில் விற்பனை படுத்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று ஐந்து இடத்துக்கும் ஒரே இலக்கை எழுதி வேகமானியில் ஏற்றியபோது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் தெரிந்ததை மறந்து, கருவி கேட்பதை மட்டும் கொடுக்கப் பழகிவிடுகிறோம். என் துறைக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று வருடத்து அமாவாசைகளைக் கையால் தட்டச்சு செய்தேன். மொத்தம் 37. சராசரிச் சுற்றான 29.53 நாளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியும். ஆனால் உண்மையான அமாவாசை அதிலிருந்து சில மணி நேரம் முந்தியும் பிந்தியும் வரும், திகதியே மாறிவிடும். ஐயாவின் கொப்பியோடு ஒத்துப்போக வேண்டும் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு திகதிக்கும் அமாவாசையிலிருந்து எத்தனையாவது இரவு என்று ஓர் எண் கொடுத்தேன்.

புதிய வரைபில் கிடைக்கோட்டில் திகதி இல்லை. இடது ஓரத்தில் அமாவாசை, நடுவில் பூரணை, வலது ஓரத்தில் அடுத்த அமாவாசை. கடந்த சில சுற்றுகளும் மெல்லிய சாம்பல் கோடுகள். இப்போது நடக்கும் சுற்று மட்டும் தடித்த கருநீலக் கோடு, நேற்றைய இரவு வரை. ஐந்து இடத்துக்கும் ஐந்து சிறு சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுகோல், ஏனென்றால் கொட்பேயின் அளவில் போட்டால் குச்சவெளி தரையோடு ஒட்டிவிடும். இடத்தை இடத்தோடு ஒப்பிடாமல், ஒவ்வோர் இடத்தையும் அதன் பழைய நாட்களோடு ஒப்பிடுவதற்கு இது போதும். கிண்ணியாச் சட்டத்தில் சாம்பல் கோடுகள் எல்லாம் நடுவில் ஒன்றாகக் குழிந்து எழும்பின. கருநீலக் கோடு அந்தக் குழிக்குள், கூட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டிக்கொண்டு போனது. ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். அந்தக் குழியை விரலால் தடவி, "நிலவு ஏறேக்க மீன் இறங்குது" என்றார். அவர் மனதில் இவ்வளவு காலமும் இருந்த படம் அதுதான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அம்புகளை எடுத்தேன். வரிசை அட்டவணையை எடுத்தேன். வேகமானியும் போனது. கிலோ குறைந்தால் சிவப்பு என்ற விதியையும் விட்டேன். மீன் குறைந்த நாளில் விலை ஏறும், கைக்கு வரும் பணம் சில வேளை கூடும், அதைச் சிவப்பு என்று எப்படிச் சொல்வது? பழைய சுற்றுகளில் இதே இரவுகளில் வந்த ஆகக் குறைந்ததற்கும் ஆகக் கூடியதற்கும் வெளியே போனால் மட்டும் நிறம் மாறும்படி வைத்தேன். திரை முழுக்கச் சாம்பலும் நீலமுமாக ஆனது. முதலாளிக்கு முதலில் அது பிடிக்கவில்லை, "உயிர் இல்லாத மாதிரிக் கிடக்கு" என்றார். அடுத்த ஒன்றரை மாதத்தில் சிவப்பு ஒரே ஒரு தடவை வந்தது, நிலாவெளியில். போய்ப் பார்த்தால் தராசு குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் உயிர் இல்லை என்று சொல்லவில்லை.

பாலத்துக்கு அப்பால்

முற்பணம் மறுபடி தொடங்க இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் கிண்ணியாவில் இரண்டு படகுக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

நானாவைப் பார்க்க நானே போனேன். 2009இல் பாலம் திறந்த பிறகு அது சின்னப் பயணம். அதற்கு முன்னர் மிதவைப் பாதையில் ஏறிக் கடக்கக் காத்துக் கிடப்போம். அவர் கரையில், பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். போனில் புதிய வரைபைக் காட்டி, நடந்தது என் பிழை என்று சொன்னேன். அவர் வரைபைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். "மகன்ட போன்லயும் அந்த குறூப் இரிக்கி தம்பி. வாப்பா கடைசீல நிக்கிறத அவனும் பாத்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? திரையில் ஒருவருடைய பெயரை ஐந்தாவதாக எழுதுவது எனக்கு ஒரு வரிசைப்படுத்தும் சூத்திரம். அது அவர் வீட்டுக்குள்ளும் போகும் என்று நான் யோசித்ததே இல்லை. டாஷ்போர்ட்டில் ஆளின் பெயரை வைத்து வரிசைப்படுத்தச் சொல்லி யார் கேட்டாலும் அன்றிலிருந்து நான் செய்வதில்லை. காரணம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பிளேன்டீ குடித்தபடி அவர்தான் அடுத்த பிழையையும் காட்டித் தந்தார். "வாட வந்தா இந்தக் கோடும் சரிவராதே" என்றார். சரிதான். கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது அமாவாசையானால் என்ன, பூரணையானால் என்ன, சிறுபடகு கடலில் இறங்காது. கோடு தரையில் கிடக்கும், திரை சிவக்கும், மறுபடி ஒருவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஐயாவின் கொப்பியில் கடைசி நிரலாக இருந்த காற்றை நான் இரண்டாவது தடவையும் விட்டுவிட்டேன்.

காலநிலைத் தரவு எங்காவது எடுத்து இணைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு நானாவிடமே கேட்டேன்: ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு சொல் அனுப்ப முடியுமா? "போனது", "பாதி", "போகல்ல" என்று மூன்றில் ஒன்று போதும். மற்ற நான்கு இடத்து ஆட்களிடமும் கேட்டேன். படகு போகாத நாளில் அந்த இரவுக்கு நேரே புள்ளியே விழாது, கோடு அங்கே அறுந்து நிற்கும். பூச்சியம் கிலோ என்பதும் கடலுக்குப் போகவில்லை என்பதும் வேறு வேறு என்று திரையில் தெரிய வேண்டும்.

அந்த வருடம் நவம்பர் நடுப்பகுதியில், நான்கு நாளாக விடாத மழைக்கு நடுவே, அவருடைய செய்தி வழமையான நேரத்துக்கு முன்னதாகவே வந்தது. "போகல்ல" என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் கேட்காமலே இன்னொரு வரி: "அமாவாசதான் தம்பி. எண்டாலும் கடல் வுடுதில்ல."